தலை சுற்றாத தலைச்சுற்று: இரு காதுகளும் சமநிலையை இழக்கும்போது

எங்கள் ஊர்ப் பக்கம் "தலைச்சுற்று" என்ற ஒரே சொல்லுக்குள் பல வருத்தங்களை அடைத்து வைத்திருக்கிறோம். பிரஷர் இறங்கினாலும் தலைச்சுற்று, சீனி குறைந்தாலும் தலைச்சுற்று, கட்டிலில் புரளும்போது வீடு சுழன்றாலும் தலைச்சுற்று. நோன்பு நாளில் அஸருக்குப் பிறகு வரும் களைப்புக்கும் அதே பெயர்தான். நான் எழுத வந்த வருத்தம் இவற்றில் எதுவும் இல்லை. இது உள்ளவருக்குத் தலை பெரும்பாலும் சுற்றாது. உட்கார்ந்திருந்தால் சுகம், படுத்திருந்தால் சுகம். எழுந்து நடந்தால் தள்ளாடுவார். நடந்துகொண்டே பார்த்தால் கடைப் பெயர்ப் பலகையின் எழுத்துகள் துள்ளும். எதிரே வருபவர் யாரென்று நின்று பார்த்தால்தான் தெரியும். இருட்டில் கால் எங்கே போகிறது என்றே புரியாது.

இரண்டு காதுகளின் உட்பகுதியிலும் உள்ள சமநிலை உறுப்புகள் செயலிழப்பதால் வருவது இது. நான்கு வருடங்களாக நானும் இதனோடு வாழ்கிறேன்.

காத்தான்குடியில் முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். காதின் படத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பரீட்சையில் கேள்வி வருவது கேட்டலைப் பற்றித்தான். சமநிலை ஒரு வரியோடு முடிந்துவிடும். சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகி, சுமார் இரண்டு வாரம் வைத்தியசாலையில் இருந்தேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. ஏற்றிய மருந்துகளில் ஒன்று ஜென்டாமைசின். அது என் உயிரைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ். வீடு வந்து ஒரு வாரத்துக்குப் பிறகு வுழூச் செய்ய நின்று, கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்தபோது பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த பலவீனம் என்றார்கள். நல்ல கோழிச் சூப்பும் வந்தது. பலவீனம் போன பிறகும் சரிவு போகவில்லை.

ஏன் என்று புரிய, உள்காதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காதிலும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் திரவம் ஒரு கணம் பின்தங்கும். பஸ் சட்டென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்வது போல. அந்தப் பின்தங்கல் நுண்ணிய மயிர்க்கலங்களை வளைக்க, அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். அருகில் உள்ள இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைச் சொல்வது அவற்றின் வேலை.

இதைக் கைப்பேசியில் வாசிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். தலையை அசைக்காமல் கைப்பேசியை மட்டும் வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். இப்போது கைப்பேசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். வாசிக்க முடியும். தலை வலப்பக்கம் போகும்போது கண்ணை அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிடுவது உள்காதுதான். செக்கனில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது நடந்துவிடுகிறது. பார்வையை மட்டும் நம்பி மூளை அந்த வேலையைச் செய்யப் போனால் பல மடங்கு தாமதமாகும். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது சோதனையிலும் எழுத்து கலங்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தலை சற்றே அதிருமல்லவா, அந்த அதிர்வுக்கே உலகம் துள்ளும்.

ஏன் தலை சுற்றுவதில்லை? ஒரு காது மட்டும் திடீரென்று பழுதானால் இடமும் வலமும் மூளைக்கு வேறுவேறு கதை சொல்லும். அந்த முரண்தான் சுழற்சியாகத் தெரிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பழுதானால் முரண் இல்லை, சுழற்சியும் இல்லை. ஜென்டாமைசின் கேட்கும் பகுதியைவிடச் சமநிலைப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும். அதனால் காதும் நன்றாகவே கேட்கும். நோயாளிக்கும் வைத்தியருக்கும் காதின் மேல் சந்தேகம் வராமல் போவது இதனால்தான்.

இந்த அனுபவத்தை முதன்முதலில் விளக்கமாக எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்க வைத்தியர். 1952இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற சஞ்சிகையில், தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு எழுதினார். காசநோய்க்கு ஏற்றிய ஸ்ரெப்டோமைசின் அவருடைய இரு உள்காதுகளையும் அழித்திருந்தது. கட்டிலில் படுத்து வாசிக்கப் போனால் நாடித் துடிப்பில் தலை அசையும் அந்தச் சிறு அசைவே எழுத்துகளைக் குதிக்க வைத்ததாம். தலைமாட்டிலிருந்த இரும்புக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துத்தான் அவரால் வாசிக்க முடிந்தது. அதை வாசித்த அன்று, என் வருத்தம் என் கற்பனை இல்லை என்ற நிம்மதி எனக்கு வந்தது.

மனிதன் நிமிர்ந்து நிற்பது மூன்று கால் முக்காலி போன்ற ஒரு ஏற்பாடு. உள்காது ஒரு கால், கண் இன்னொரு கால், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு மூன்றாவது கால். முதல் கால் உடைந்தவர் மற்ற இரண்டில் நிற்கிறார். வுழூவில் கண்ணை மூடினால் இரண்டாவதும் போய்விடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் திட்டில் அமைந்த ஊர் எங்களுடையது. கால் புதையும் மணலில் மூன்றாவது காலும் ஏமாற்றும். சுபஹுக்கு முந்திய இருட்டில் மணல் பாதி, கொங்கிறீற் பாதியாகக் கிடக்கும் ஒழுங்கையால் பள்ளிவாயலுக்குப் போவது எனக்கு அந்த நாளில் மலை ஏறுவது போல இருந்தது. வழியில் நின்றிருந்த ஒரு பொடியன் தன் கூட்டாளியிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "சேர் என்னடா, குடிச்ச ஆள் மாதிரிப் போறாரு?" காதுதான் நன்றாகக் கேட்கிறதே! எங்கள் சமூகத்தில் ஒரு முதியவருக்கு அதைவிடக் கூச்சமான பேச்சு வேறு இல்லை. பலர் வெளியே போவதையே விட்டுவிடுவது இந்தக் கூச்சத்தால்தான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இங்கே இன்னும் கவனிக்க வேண்டும். பாதம் மரத்துப்போனவருக்கு மூன்றாவது கால் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. கண்ணில் வெண்புரையும் இருந்தால் சொல்லவே தேவையில்லை. வெண்புரைச் சத்திரசிகிச்சையை "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் பெரியவர்கள், அது பார்வைக்கு மட்டுமல்ல நடைக்கும் உதவும் என்பதை யோசிக்க வேண்டும்.

காரணங்களுக்கு வருவோம். கணிசமானவர்களுக்குக் காரணம் கடைசிவரை தெரியாமலே போகிறது. தெரிந்த காரணங்களில் முன்னால் நிற்பது ஜென்டாமைசின், ஸ்ரெப்டோமைசின் சேர்ந்த மருந்துக் குடும்பம். மூளைக்காய்ச்சல் இன்னொன்று. இரு காதுகளையும் பிடிக்கும் மெனியர் நோய், உடலின் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்கும் நோய்கள், சிறுமூளையும் நரம்பும் சேர்ந்து தேயும் சில பரம்பரை நோய்கள், இரு பக்கச் செவி நரம்பிலும் வரும் கட்டிகள் என்று பட்டியல் நீளும். வயது போகப் போக மயிர்க்கலங்கள் தாமாகவும் குறையும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சமநிலை உறுப்பும் வேலை செய்யாது. தலை நிற்கவும் நடக்கவும் அந்தப் பிள்ளைகள் பிந்துவார்கள்.

ஜென்டாமைசினைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பயத்தில் யாரும் ஊசியை மறுத்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து அது. விலை குறைவு, வேகமாக வேலை செய்யும், பிறந்த குழந்தைகளின் உயிரைக்கூடக் காப்பாற்றுகிறது. சிக்கல் என்னவென்றால் மயிர்க்கலத்துக்குள் நுழைந்தால் அது இலேசில் வெளியேறாது. மனிதனில் செத்த மயிர்க்கலம் மீண்டும் முளைப்பதாக எண்ணிக் காத்திருக்கவும் முடியாது. பாதிப்பு சில வேளை ஊசி முடிந்து நாட்கள், வாரங்கள் கழித்தே வெளியே தெரியும். சிறுநீரகம் வழியாகவே உடலை விட்டு வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நீண்ட நாள் ஏற்றப்படுபவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. உடம்பு நீரை இறக்கத் தரும் பிரூசமைட் போன்ற மருந்தும் சேர்ந்தால் இன்னும் கூடும். பக்கத்து வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து இங்கே சம்பந்தம் செய்து வந்த குடும்பங்களும் உண்டு. எனவே கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: "டொக்டர், எனக்குச் சிறுநீரக வருத்தம் இருக்கிறது. இந்த ஊசிக்குப் பதில் வேறு மருந்து பொருந்துமா? எத்தனை நாளைக்கு?" அந்தக் கேள்வியை நல்ல வைத்தியர் யாரும் தவறாக எடுக்கமாட்டார். ஊசி நடக்கும் நாட்களிலேயே தள்ளாட்டமோ பார்வைத் துள்ளலோ தொடங்கினால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த மருந்துக் குடும்பத்தால் செவிப்புலனை இழக்கும் ஆபத்து சில குடும்பங்களில் மிக அதிகம். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும். கிழக்கிலே நாம் "குடி" பார்ப்பதும் தாய்வழியில்தானே. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஆகவே இந்த விசாரிப்பு நமக்குக் கஷ்டமில்லை. உம்மா, மூத்தம்மா, உம்மாவின் சகோதரங்கள் என்று அந்த வழியில் யாராவது ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போயிருந்தால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காதுத் துளி மருந்தும் இதில் சேரும். கடலிலும் வாவியிலும் குளித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைகள் இங்கே குறைவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது ஜென்டாமைசின் அல்லது நியோமைசின் கலந்த துளியை நாட்கணக்கில் விட்டால் மருந்து உள்காதுக்கும் போய்ச் சேரலாம். பக்கத்து வீட்டில் மீதியிருந்த துளியை வாங்கி விடும் பழக்கத்தை நிறுத்திவிட்டுக் காதை ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய இயந்திரம் இருந்தால்தான் முடியும் என்றில்லை. என்னுடையதைக் கண்டுபிடித்தவர் ஓர் இளம் காது, மூக்கு, தொண்டை வைத்தியர். தன் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். என் தலையை இரு கையாலும் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் சிறிதளவு திருப்பினார். என் கண் மூக்கை விட்டு நழுவி, பிறகு ஓடிப்போய் மறுபடி அதைப் பிடித்தது. மற்றப் பக்கமும் அப்படியே. அடுத்து, சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை வாசிக்க வைத்தார். தலையை ஆட்டியபடி வாசிக்கச் சொன்னபோது கீழ் வரிகள் பலதும் காணாமல் போயின. கண்ணைத் திறந்து நின்றேன், மெத்தைத் துண்டின் மேல் கண்ணை மூடி நின்றேன். இரண்டாவதில் அவர்தான் என்னைப் பிடித்தார். பத்து நிமிடம். உறுதிப்படுத்தக் காதுக்குள் குளிர்ந்த நீரும் சூடான நீரும் விட்டுப் பார்க்கும் சோதனையும் கணினிச் சோதனையும் உண்டு. 2017இல் சர்வதேச பாரனி சங்கம் வெளியிட்ட வரையறையும் அவற்றின் அளவீடுகளைக் கேட்கிறது. ஆனால் சந்தேகப்படுவதற்கு அந்தப் பத்து நிமிடம் போதும். காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளில் காட்டுபவர்கள் "தலை சுற்று" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் "இருட்டில் விழுகிறேன், நடக்கும்போது எழுத்து துள்ளுகிறது, சில மாதத்துக்கு முன் ஊசி ஏற்றினார்கள்" என்று முழுதாகச் சொன்னால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவது இலகுவாகும்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகும் விடயம். தலைச்சுற்று மாத்திரை. புரோகுளோர்பெரசின், சினரிசின் போன்றவை திடீரென்று வீடு சுழன்று வாந்தி வரும்போது இரண்டு மூன்று நாளைக்கு நல்லவை. சுழற்சியே இல்லாத இந்த வருத்தத்துக்கு அவற்றை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் பார்மசியில் பழைய துண்டைக் காட்டி வாங்கிக் குடிப்பவர்களை நான் பார்க்கிறேன். மிச்சமிருக்கும் சமநிலைச் செய்தியையும் அவை மந்தமாக்குகின்றன. மூளை புதிய வழி கற்பதையும் தடுக்கின்றன. வயதானவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும்கூட வரலாம். தானாக நிறுத்த வேண்டாம், அடுத்த கிளினிக்கில் "இது எனக்கு இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், துஆ நமக்கு எப்போதும் வேண்டும். அதற்காக மாதங்களை வீணாக்க வேண்டாம்.

இந்த வருத்தத்துக்கு இன்று இருக்கும் மருந்து அசைவுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் கோதோர்ன் என்ற காது வைத்தியரும் குக்சி என்ற மறுவாழ்வு வைத்தியரும் தலையில் காயப்பட்டவர்களைக் கட்டிலில் கிடத்தாமல் தலையை ஆட்டவும் பந்து எறியவும் படி ஏறவும் வைத்தார்கள். இன்றைய பயிற்சிகளின் வேர் அங்கே இருக்கிறது. இயன்மருத்துவர் எனக்குத் தந்த முதல் பயிற்சி வேடிக்கையாக இருந்தது. ஒரு கடதாசியில் பெரிய "அ" எழுதிச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டி, ஒரு கை தூரத்தில் நின்று, எழுத்தைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் ஆட்ட வேண்டும். எழுத்து தெளிவாக இருக்கும் எல்லைவரை வேகம். பிறகு மேலும் கீழும். நாளைக்கு நாலைந்து தடவை. பேரப்பிள்ளை இதைப் பார்த்து "மூத்தவாப்பா, 'அ' இன்னும் பாடமாகல்லையா?" என்று கேட்டாள்.

பின்னர் சுவரில் இரண்டு எழுத்துகள். முதலில் கண் அடுத்த எழுத்துக்குப் போகும், தலை பின்னால் போகும். அதன் பிறகு ஞாபகப் பயிற்சி: எழுத்தைப் பார்த்து, கண்ணை மூடி, அது இருக்கும் இடத்திலேயே பார்வை நிற்பதாக நினைத்துத் தலையைத் திருப்பி, கண்ணைத் திறந்து சரியா என்று பார்ப்பது. இதில் நடப்பது உள்காது குணமாவது அல்ல. தலை திரும்பப்போவதை முன்கூட்டியே அறிந்து கண்ணை நகர்த்த மூளை பழகுகிறது. கழுத்தும் கண்ணும் உள்காதின் வேலையில் ஒரு பங்கைப் பொறுப்பெடுக்கின்றன. சமநிலைக்கு, சுவர் மூலையில் முதுகை வைத்து, முன்னால் ஒரு கதிரை போட்டு, பாதங்களை ஒட்டி நிற்பது. அது வந்ததும் ஒரு பாதத்துக்கு முன்னால் மறுபாதம். அதுவும் வந்ததும் மெத்தையின் மேல். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க இயன்மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல் இருபக்க இழப்புக்கு நாளாந்தம் 20 முதல் 40 நிமிடம், ஐந்து முதல் ஏழு வாரம் வரை இந்தக் கண்-தலைப் பயிற்சிகளைச் சொல்கிறது. எனக்கு மூன்று மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் குமட்டலும் களைப்பும்தான். பலர் விட்டுவிடுவது அந்த இரண்டு வாரத்தில்.

எல்லாம் திரும்பி வராது என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் கடைக்குப் போகிறேன், பழைய கல்லடிப் பாலத்தில் மெதுவாக நடந்துவிடுகிறேன். இரவில் ரோர்ச் இல்லாமல் வாசலுக்கு இறங்குவதில்லை. மோட்டார் சைக்கிளை மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்காதில் பொருத்தும் கருவியை எட்டுப் பேருக்கு வைத்துப் பார்த்த முடிவுகள் 2021இல் வெளியாகின. நடையும் நிலைப்பும் முன்னேறியிருந்தன. அது நம் கைக்கு வர நாளாகும்.

தண்ணீர் விடயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். வாவியில் தோணியில் நின்று இரவில் வலை வீசும் ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தால், இருட்டில் கண்ணும் இல்லை, ஆடும் பலகையில் பாதமும் இல்லை. விழுந்தாலோ மேல் எது கீழ் எது என்றே தெரியாது. 1882இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் காது கேளாதோர் ஐந்நூறு பேருக்கு மேல் விசாரித்தார். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோருக்குச் சுழற்றினாலும் தலை சுற்றவில்லை. தலை நீருக்குள் போனதும் திசை முழுவதும் குழம்பியதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. காது கேளாத பிள்ளைகளைக் கடலுக்கோ வாவிக்கோ கூட்டிப்போகும் பெற்றோர் கை எட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும்.

தொழுகையில் நான் கண்ட சில விடயங்கள் என்னைப் போன்றவர்களுக்கு உதவலாம். நிற்கும்போது சுஜூது செய்யும் இடத்திலேயே பார்வையை வைத்தால் உடல் ஆடுவது குறைகிறது. உள்ளச்சத்துக்காகக் கண்ணை மூடுபவர்கள் திறந்தே வைத்துக்கொள்ளலாம். ஸஃபில் இருபக்கமும் ஆள் நிற்கும் இடம் எனக்கு வசதி. பக்கத்தவரின் தோள் இலேசாகப் பட்டாலே போதும், சாய வேண்டியதில்லை. விரல் நுனி ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தாலே ஆட்டம் குறையும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சலாம் கொடுக்கும்போது மெதுவாகத் திரும்பினால் பார்வை துள்ளாது. நிற்கவே முடியாத நாளில் உட்கார்ந்து தொழ மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. விபரத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள்.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இப்போது பல பள்ளிகளில் தடித்த பஞ்சு விரிப்புப் போடுகிறார்கள். முழங்காலுக்குச் சுகம், பாதத்துக்கு ஒன்றும் புரியாது. ஒரு ஓரத்தில் இரண்டு ஸஃப் அளவுக்கு மெல்லிய பாயை விட்டுவையுங்கள். வுழூச் செய்யும் இடத்தில் உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கைபிடிக் கம்பி, வாசற்படியில் இன்னொன்று. சுபஹ் அதானுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே வெளி மின்குமிழ் எரியட்டும், மின்வெட்டு நாளைக்குப் பற்றரியில் எரியும் விளக்கு ஒன்று வுழூ இடத்தில் இருக்கட்டும்.